குதிகால் வலிக்கும் சொரியாசிஸுக்கும் என்ன சம்பந்தம்? வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் சொரியாசிஸ் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "இந்தத் தோல் நோய் உள்ளவர்களுக்கு மூட்டு வலி வந்தால் அதைத் தனியாக விட்டுவிடாதீர்கள்" என்பது அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்தான், அதாவது சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சி நோய். நான் டாக்டர் இல்லை. மருத்துவச் செய்திகள் எழுதுவது என் வேலை, இந்த நோயோடு வாழ்வது பதினாறு வருஷமாக என் வாழ்க்கை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், உங்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள், அது போதும்.

அக்கா, என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பன்னிரண்டு வருஷமாக முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ். எட்டு மாதமாக இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்ற முடிவதில்லை. எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வளர்ந்திருக்கு, மெத்து செருப்பு போடுங்க" என்றார்கள். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் ஆசிட் நார்மல், அதனால் வாதம் இல்லையாம். தோலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? (வேளச்சேரி)

இருக்கலாம், அதுவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. தசைநாண் எலும்பில் போய்ப் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு, கயிறு கொக்கியில் மாட்டியிருக்கும் இடம் மாதிரி. குதிகாலின் பின்பக்கமும் அடிப்பக்கமும் அப்படிப்பட்ட இடங்கள்தான். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் முதலில் வீங்க வைப்பது பல பேருக்கு அந்தக் கொக்கியைத்தான், மூட்டுக்குள் அப்புறம்தான் நுழைகிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், சாதாரணக் குதிகால் வலியும் காலையில் முதல் அடியில்தான் உயிர் போகும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் வலி, மாதக்கணக்கில் வலி, கூடவே பன்னிரண்டு வருஷ சொரியாசிஸ் என்று மூன்றும் சேர்ந்தால் ஒரு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் நிபுணர்) பார்த்தே ஆக வேண்டும்.

ஆர்ஏ ஃபேக்டர் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். அது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்கு வாதத்துக்கான டெஸ்ட். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸில் பெரும்பாலானவர்களுக்கு அது நெகட்டிவாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் மோல், ரைட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1973இல் இதைத் தனி நோயாக வரையறுத்து ஐந்து வகையாகப் பிரித்தபோதே அந்த நெகட்டிவ் ரிசல்ட் ஓர் அடையாளமாகிவிட்டது. 2006இல் வந்த காஸ்பர் என்ற அளவுகோலைத்தான் இன்றைக்கும் ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். மூட்டிலோ முதுகிலோ தசைநாண் பிடிக்கும் இடத்திலோ அழற்சி உள்ளவருக்கு அதில் மூன்று மதிப்பெண் வந்தால் இந்த நோய் என்று கணக்கு. இப்போது தோலில் சொரியாசிஸ் இருந்தால் இரண்டு, ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் ஒன்று. உங்கள் வீட்டுக்காரருக்கு "நோய் இல்லை" என்று சொல்லக் காட்டிய அதே ரிப்போர்ட், உண்மையில் நோய் இருக்கிறது என்ற பக்கம் சாயும் ரிப்போர்ட். அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்டுகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும்கூட இந்த நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு நார்மலாகவே இருக்கும்.

எனக்கும் குதிகாலில்தான் தொடங்கியது. ஒரு கிளினிக்கில் "வெயிட் குறைங்க" என்றார்கள், இன்னொன்றில் குதிகாலில் ஊசி போட்டார்கள். என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தவர் யாரும் இல்லை, நானும் புடவை முந்தானையால் மூடிக்கொண்டேதான் போனேன், குதிகாலுக்கு வந்த இடத்தில் தோலைக் காட்டுவானேன் என்று. இரண்டு வருஷம் போனது. அதற்குள் வலது கால் இரண்டாம் விரலின் மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுவிட்டது, அது இனி திரும்பாது. டப்ளினில் நடந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிகுறி தொடங்கி ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்க ஆறு மாதம் தாமதமானாலே மூட்டு எலும்பின் சேதமும் நடமாடும் திறனும் பின்னாளில் மோசமாக இருக்கிறது என்று காட்டியது. ஆறே மாதம். உங்களுக்கு எட்டு ஆகிவிட்டது, தயவுசெய்து அடுத்த வாரமே போங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரேயோடு, முழங்கையும் தலையும் மோசமாக இருந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், அன்றைக்குத் தோல் தெளிவாக இருந்தால் அதுதான் சாட்சி. முதல் வாக்கியமே "எனக்கு சொரியாசிஸ் இருக்கு, இப்ப குதிகால் வலிக்குது" என்று இருக்கட்டும்.

மேடம், வயது 27. ஐடியில் வேலை. இடது கை மோதிர விரல் மட்டும் அடியிலிருந்து நுனி வரை வீங்கி, சிவந்து, மடக்க முடியவில்லை. அடிபட்ட ஞாபகம் இல்லை. தோலில் ஒன்றும் இல்லை, ஆனால் அப்பாவுக்கு சொரியாசிஸ். (அம்பத்தூர்)

மூட்டு மட்டும் வீங்காமல் விரல் மொத்தமும் ஏலக்கிப் பழம் மாதிரி உருண்டுகொள்வதை டாக்டர்கள் டாக்டிலைட்டிஸ் என்பார்கள். இந்த நோயின் மிகத் தெளிவான முத்திரைகளில் ஒன்று அது. சுமார் ஏழில் ஒருவருக்குத் தோலுக்கு முன்னாலேயே மூட்டு வந்துவிடுகிறது, அதனால் தோல் சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். நெருங்கிய ரத்த உறவில் சொரியாசிஸ் இருப்பதற்கும் காஸ்பரில் மதிப்பெண் உண்டு. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் நகத்தைச் சாய்த்துப் பாருங்கள், தையல்காரர் விரலில் மாட்டும் உறையில் இருக்குமே, அந்த மாதிரி குண்டூசி முனைக் குழிகள் தெரிகிறதா? நக நுனி சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு மஞ்சளாக இருக்கிறதா? காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், தொப்புளில், பிட்ட இடுக்கில் செதில் இருக்கிறதா? பொடுகு என்று வருஷக்கணக்கில் ஷாம்பூ மாற்றிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அது சொரியாசிஸாக இருந்திருக்கிறது. காசநோய்க் கிருமியாலும் யூரிக் ஆசிடாலும்கூட ஒரு விரல் மட்டும் வீங்கலாம், ஆகவே டாக்டர் பார்த்துதான் உறுதி செய்ய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "செட் மாத்திரை" வாங்கிப் போடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். சொரியாசிஸ் உள்ள உடம்பில் ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தும்போது தோல் சீழ்க் கொப்புளங்களாக வெடித்துக் கிளம்பிய கதைகள் உண்டு.

அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பேரன் செல்போனில் தேடிப் பார்த்து "பாட்டி, இது கேன்சர் மருந்து" என்கிறான். மூன்று வாரமாக அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். (மயிலாப்பூர்)

பேரன் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதி நம் ஊரிலிருந்தே தொடங்குகிறது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினையும் அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட்டையும் உருவாக்கியது. முதலில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1951இல் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரினை மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சொரியாசிஸ் இருந்தவருக்குத் தோலும் தெளிந்ததைக் கவனித்தார். தோலுக்கும் மூட்டுக்கும் ஒரே மருந்து என்ற பாதை அங்கேதான் திறந்தது. சுப்பாராவ் 1948இலேயே போய்விட்டார், அதைப் பார்க்கவில்லை. அவர் படித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் சென்ட்ரல் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது வேறு. உங்களுக்கு எழுதியிருப்பது அநேகமாக வாரத்துக்கு 10 முதல் 25 மில்லிகிராமுக்குள் இருக்கும். வாரத்துக்கு என்பதை இரண்டு தடவை படியுங்கள் அம்மா, தினமும் இல்லை. தவறிப்போய்த் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, மூடியில் நெயில் பாலிஷால் "வியாழன்" என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார மாத்திரைக்கு மேல் இருக்காது, மீதி பீரோவில். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ஆரம்பத்தில் அடிக்கடியும் அப்புறம் சில மாதத்துக்கு ஒரு தடவையும் ரத்த அணு, ஈரல், கிரியாட்டினின் பார்ப்பார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சிரைப்பு வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன்னால் போன் செய்யுங்கள். வேறு டாக்டர் ஏதாவது ஆன்டிபயாடிக் எழுதினால் இதைச் சொல்லியே ஆக வேண்டும், கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற மாத்திரை இதோடு சேரவே கூடாது. படிக்கிற இளம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை, கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி முன்கூட்டி நிறுத்த வேண்டும்.

இது மூட்டுக்கு எவ்வளவு கேட்கும்? அதில் அறிஞர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. 2012இல் 221 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில் மூட்டு வீக்கத்தை இது குறைப்பதாக நிரூபிக்க முடியவில்லை, கொடுத்த அளவு போதவில்லை என்று விமர்சனமும் வந்தது. 2019இல் வெளிவந்த, 851 பேர் கலந்துகொண்ட ஆய்வில் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போட்டவர்களில் 24 வாரத்தில் 51 சதவீதம் பேருக்குக் குறைந்தபட்ச முன்னேற்றம் தெரிந்தது, எட்டனர்செப்ட் என்ற பயாலஜிக் ஊசி (உயிருள்ள செல்களில் தயாராகும் மருந்து) மட்டும் போட்டவர்களில் 61, இரண்டும் சேர்த்தால் 65. ஊசி மேல் என்பது தெளிவு. ஆனாலும் பாதிப் பேருக்குப் பலன் கொடுக்கும், கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் மாத்திரையை அட்டையோடு வைத்திருப்பதை என் மனசு ஒப்பவில்லை. மூன்று, நான்கு மாதம் போட்டும் வீக்கம் அடங்கவில்லை என்றால் "அடுத்தது என்ன டாக்டர்?" என்று கேளுங்கள். அதே மருந்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு.

சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸுக்கு பயாலஜிக் ஊசி போடச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் டிபி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு இருமல்கூட இல்லையே? எத்தனையோ ஊசி சொல்கிறார்கள், எது நல்லது? (தாம்பரம்)

இருமல் இல்லாதவர் உடம்பிலும் டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம், நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். அந்தக் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டியிருக்கும் சுவருக்கு டிஎன்எஃப் என்ற வேதிப்பொருள் சிமெண்ட் மாதிரி. மூட்டை வீங்க வைப்பதும் அதே டிஎன்எஃப்தான். அதை அடக்கும் ஊசி போட்டால் மூட்டு அடங்கும், சுவரும் இளகும். அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரே, கூடவே கையில் போடும் மாண்டோ அல்லது ரத்தத்தில் பார்க்கும் இக்ரா டெஸ்ட். பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம், தடுப்பு மாத்திரையைத் தொடங்கிச் சில வாரம் கழித்து ஊசியை ஆரம்பிப்பார்கள். எனக்கும் பாசிட்டிவ் வந்தது, அப்படித்தான் செய்தார்கள்.

டிஎன்எஃபை அடக்கும் எட்டனர்செப்ட் ஊசிக்கு அமெரிக்காவில் 2002இல் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் இந்த நோயாளிகளுக்கு இருந்ததெல்லாம் வேறு நோய்களிலிருந்து இரவல் வாங்கிய மருந்துகள்தான். அதற்கப்புறம் அதே டிஎன்எஃபை அடக்கும் அடாலிமுமாப், பிறகு ஐஎல்-17 என்ற செய்தி மூலக்கூறைத் தடுக்கும் செக்குகினுமாப், இக்ஸிகிசுமாப், ஐஎல்-23ஐத் தடுக்கும் குசெல்குமாப் என்று வரிசையாக வந்தன. எது நல்லது என்று நேருக்கு நேர் மோதவிட்டும் பார்த்திருக்கிறார்கள். 853 பேரிடம் செக்குகினுமாப்பையும் அடாலிமுமாப்பையும் ஒப்பிட்டதில் ஒரு வருஷத்தில் மூட்டுப் பலன் 67க்கு 62 சதவீதம், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. 566 பேரிடம் இக்ஸிகிசுமாப்பை அடாலிமுமாப்போடு ஒப்பிட்டபோதும் மூட்டில் ஏறக்குறைய சமம், தோலில் இக்ஸிகிசுமாப் முந்தியது. அதனால் உங்கள் உடம்பில் எந்தப் பகுதி அதிகம் அவதிப்படுகிறது என்பதுதான் கேள்வி. தோல் மோசமா, ஐஎல்-17, ஐஎல்-23 பக்கம் போவார்கள். கண்ணுக்குள் யுவெய்டிஸ் என்ற அழற்சி வந்து சிவந்ததா, அடாலிமுமாப் பக்கம். குடலில் அழற்சி நோய் (கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) இருந்தால் ஐஎல்-17 தடுப்பான் வேண்டாம் என்பார்கள். முன்பு டிபி வந்தவர் என்றால் டிஎன்எஃப் ஊசியைக் கடைசியாக வைத்துக்கொள்வார்கள். டோஃபாசிட்டினிப் மாதிரி மாத்திரைகளும் உண்டு, ஆனால் வயதானவர்கள், புகைப்பவர்கள், இதயநோய் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான். இதையெல்லாம் டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

விலை? 2014 முதல் இந்தியக் கம்பெனிகளே அடாலிமுமாப்பின் நகலைச் செய்கின்றன, அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்களால் நினைத்தே பார்க்க முடிந்தது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய், உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

ஊசி போட்டு ஒரு வருஷத்தில் வலியே இல்லை. இனி நிறுத்திவிடலாமா? (பெரம்பூர்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜெர்மனியில், நோய் முழுக்க அடங்கியிருந்த 26 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள், ஆறு மாதத்துக்குள் 20 பேருக்குத் திரும்பி வந்துவிட்டது. மறுபடி மருந்து கொடுத்ததும் அடங்கியது என்பது ஆறுதல். ஊசியின் இடைவெளியை மெல்ல நீட்டலாமா என்று கேட்பது வேறு, அதை டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். ஆனால் நன்றாக இருக்கிறது என்று செக்கப்புக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2015இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் புதிய நோயாளிகள் 206 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நாலு வாரத்துக்கு ஒரு தடவை வரவழைத்து, நோய் அடங்கும் வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மறு பாதிக்கு வழக்கம்போல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. முதல் பாதியில் 62 சதவீதம் பேர் முன்னேறினார்கள், மற்றதில் 44. பக்கவிளைவும் முதல் பாதியில்தான் அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எந்தப் புது மருந்தும் இல்லாமல், அடிக்கடி பார்த்து மருந்தைக் கூட்டியதிலேயே இத்தனை வித்தியாசம் என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

வெட்பாலைத் தைலம் போதுமா? கத்தரிக்காய், கருவாடு நிறுத்த வேண்டுமா? (திருவொற்றியூர்)

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் நாலைந்து நாளில் எண்ணெய் கருநீலமாக மாறும், எங்கள் மொட்டை மாடியிலும் அந்தப் பாட்டில் இருந்தது. செதில் மிருதுவாகும், அரிப்பு குறையும், எனக்கும் இதமாகத்தான் இருந்தது. தடவிக்கொள்ளுங்கள். ஆனால் தோலில் தடவிய எண்ணெய் குதிகால் எலும்பு வரை போகாது, மூட்டு எலும்பு அரிக்கப்படுவதை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உள்ளுக்குச் சாப்பிடும் சித்த மருந்து என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனை இருக்கிறது, அங்கே போங்கள், பேர் தெரியாத பொட்டலம் வேண்டாம், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர் என்றால் இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தும் தெரிய வேண்டும். கத்தரிக்காய் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விடுங்கள், எல்லாருக்குமான விதி இல்லை. எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதுதான் உண்மையான பத்தியம். உடல் பருமன் உள்ள நோயாளிகளிடம் நடந்த ஓர் இத்தாலிய ஆய்வில், எடையில் 5 சதவீதம் குறைத்தவர்களுக்கே அதே டிஎன்எஃப் ஊசி கூடுதலாக வேலை செய்தது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோதான்.

எனக்குத் தோல் மட்டும்தான், மூட்டில் வலி இல்லை. இது வராமல் தடுக்க ஏதாவது ஆராய்ச்சி நடக்கிறதா? (கொளத்தூர்)

இந்தக் கேள்விதான் இன்றைக்கு ஆராய்ச்சி உலகத்தின் கேள்வியும். சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் வரை மூட்டு நோய் வரலாம், பெரும்பாலும் தோல் வந்து சில வருஷங்கள் கழித்து. அந்த நடுவில் இருக்கும் வருஷங்களில் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தால்? ஐரோப்பாவில் ஹிப்போகிரட்டீஸ் என்ற பெயரில் 2021இல் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது, மூட்டு நோய் இல்லாத சொரியாசிஸ்காரர்கள் 25,000 பேரைச் சேர்த்துப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்ப்பது அதன் இலக்கு. அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு, ஸ்கேனில் மட்டும் மூட்டு மாற்றம் தெரிகிற சொரியாசிஸ் நோயாளிகளுக்கு முன்கூட்டியே குசெல்குமாப் கொடுத்தால் நோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்கிறது. தலையில், நகத்தில், பிட்ட இடுக்கில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

அதுவரைக்கும் உங்கள் கையில் இருப்பது ஐந்து கேள்விகள். தோல் நோயாளிகளிடம் கேட்பதற்காகவே இங்கிலாந்தில் உருவாக்கியவை. ஏதாவது மூட்டு எப்போதாவது வீங்கியதா, ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர் யாராவது சொல்லியிருக்கிறாரா, நகத்தில் குழி இருக்கிறதா, குதிகால் வலித்ததா, காரணம் தெரியாமல் ஒரு விரல் முழுவதும் வீங்கி வலித்ததா. மூன்றுக்கு "ஆமாம்" என்றால் ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. நான் இவற்றைத் தினசரிக் காலண்டரின் பின் அட்டையில் எழுதி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். அவளுக்கும் தோலில் மட்டும்தான் இருக்கிறது. போன மாதம் நாலுக்கு "இல்லை" என்றாள், குதிகாலுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையே போதும் என்று அவளுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.